டீசலா, கலப்பு வண்டியா?

தில்லியில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை அறிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் வானம் சாம்பல் நிறம் கொள்ளும், தொண்டை கரகரக்கும், காற்று மாசின் அளவு நாளேடுகளின் முதற் பக்கத்துக்கு வந்துவிடும். அந்த அளவு உயர உயர அரசாங்கத்தின் கட்டுப்பாடுகளும் படிப்படியாக இறுகும். மூன்றாம் படி அறிவிக்கப்பட்டால், பாரத் ஸ்டேஜ் 4, அதாவது பி.எஸ். 4 என்னும் தரத்தைச் சேர்ந்த டீசல் கார்கள் தில்லியிலும், குருகிராம், பரீதாபாத், காசியாபாத், கௌதம புத்த நகர் ஆகிய அண்டை மாவட்டங்களிலும் ஓடக்கூடாது. மீறினால் அபராதம் 20,000 ரூபாய்.

2024-ஆம் ஆண்டு நவம்பரில் அந்தத் தடை வந்த வாரத்தில், நொய்டாவில் வசிக்கும் அன்பர் ஒருவர் மெட்ரோ ரயிலில் என் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் பிழைப்பு நாடி வந்தவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்டுகளைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். நான்கு மெக்கானிக்குகளும், இரும்புக் கயிற்றுச் சுருளும், கருவிப் பெட்டிகளும் ஏறுவதற்கு ஏற்ற பெரிய டீசல் வண்டி ஒன்று வைத்திருந்தார். அன்று ஒரு கட்டடத்தின் லிப்ட் நின்றுபோய், மேல் மாடிகளில் முதியவர்கள் இறங்க வழியின்றித் தவிக்கிறார்கள் என்று செய்தி வந்திருக்கிறது. வண்டியோ வாசலில் நிற்கிறது, எடுக்க வழியில்லை. இரண்டு வாடகைக் கார்களில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி அனுப்பிவிட்டு என்னிடம் வந்திருந்தார்.

"வண்டிக்கு அடுத்த ஆண்டோடு பத்து வயது நிறைகிறது. புதிது வாங்கித்தான் ஆக வேண்டும், தம்பி. மறுபடியும் டீசலா, இந்தக் கலப்பு வண்டியா என்பதுதான் புரியவில்லை. நீங்கள் நாலு காகிதம் படிப்பவர், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

"நான் படிப்பது பிறர் எழுதிய காகிதம், அண்ணாச்சி. அதைத் தமிழாக்குவதோடு என் வேலை முடிந்தது" என்றேன். உண்மையும் அதுவே. ஹைபிரிட் என்ற சொல்லுக்குக் 'கலப்பினம்' என்று எழுதப்போய், மாட்டுப் பண்ணை நினைவு வருகிறதே என்று அடித்துவிட்டுக் 'கலப்பு வண்டி' என்று எழுதிய அளவில்தான் எனக்கு அந்த வண்டியோடு பரிசயம். ஆயினும் பிறருடைய முப்பது லட்ச ரூபாய் சம்பந்தப்பட்டது என்றதும் அக்கறை பிறந்தது. அடுத்த சில மாதங்கள் அவரும் நானும் சேர்ந்து கற்றவற்றை, தமிழகத்துக்கு வெளியே இதே கேள்வியோடு நிற்கும் மற்ற அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். காற்றை நெருக்கினால் அது சூடேறும். மிகவும் நெருக்கினால், அதனுள் தூவப்படும் எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இதுதான் அவர் கண்ட வழி. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களுக்கு அது எட்டாத உயரம். இன்றைய பெட்ரோல் எஞ்சின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது என்றால், டீசல் எஞ்சின் பதினைந்தில் அல்லது பதினாறில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. ஆகவே மெதுவாகச் சுழலும்போதே அதற்கு இழுவிசை மிகுதி. பாரம் ஏற்றிக்கொண்டு, மேடு ஏறிக்கொண்டு, நாள் முழுதும் ஒரே வேகத்தில் ஓடும் வேலைக்கு அதை மிஞ்சியது வருவது எளிதன்று. லாரியும் பஸ்ஸும் இன்றும் அதை நம்பி இருப்பது காரணமின்றி அன்று.

ஆனால் நம் நாட்டில் கார் வாங்குவோர் டீசலை நாடியது இந்தக் குணத்துக்காக மட்டும் அல்ல, விலைக்காக. 2012-ஆம் ஆண்டு மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. உழவருக்கும் லாரிக்கும் என்று அரசாங்கம் தாங்கிப்பிடித்த விலையில் பெரிய கார்களும் ஓடின. 2014 அக்டோபரில் அந்தத் தாங்கல் நீங்கியது. 2025-இல் தில்லி விலை பெட்ரோலுக்கு 95 ரூபாயையும் டீசலுக்கு 88 ரூபாயையும் ஒட்டி நின்றது. முப்பத்திரண்டு ரூபாய் இடைவெளி ஏழு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. பலருடைய கணக்கு மட்டும் இன்னும் 2012-இலேயே நிற்கிறது.

சட்டமும் மாறியது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்றது. அதை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. அண்ணாச்சி தம் வண்டியை வாங்கியதே அந்த ஆண்டு நவம்பரில்தான்! மறுமாதம் உச்ச நீதிமன்றம் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைத் தலைநகர் வட்டாரத்தில் பதிவு செய்வதையே நிறுத்தி வைத்தது. 2016 ஆகஸ்டில் ஒரு சதவீதச் சுற்றுச்சூழல் தீர்வையுடன் அது தளர்ந்தது. 2018 அக்டோபரில் பத்தாண்டு வரம்பை உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி, வயது கடந்த வண்டிகளுக்குத் தில்லி பங்குகளில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-இல், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பர் 17-இல் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4-க்கும் அதற்குப் பின் வந்த தரங்களுக்கும் மட்டுமே என்று குறுக்கியது. வண்டி வாங்குபவர் எஞ்சினைப் பார்ப்பதோடு நீதிமன்றச் செய்திகளையும் படித்துவர வேண்டிய ஊர் இது.

புதிய டீசல் பழையதைப் போன்றது அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 6 தரம் கட்டாயமாயிற்று. எண்ணெயில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வந்து, நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்ணிய கரித்துகளைப் பிடித்து வைக்கிறது. பல வண்டிகளில் யூரியாக் கரைசல் ஒன்றும் ஊற்ற வேண்டும். அது நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயுவை அடக்குகிறது. மூன்றாம் படித் தடை இத்தகைய வண்டியைத் தீண்டுவதில்லை.

ஆனால் அந்த வடிகட்டிக்கு ஒரு சுபாவம் உண்டு. நம் வீட்டுச் சமையலறைச் சல்லடை போல அதுவும் அடைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்கப் புகை சுமார் 600 டிகிரி வரை சூடேற வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் சற்று நேரம் நிற்காமல் ஓட வேண்டும். காலையில் மூன்று கிலோமீட்டர், பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தம், பிறகு ஐந்து கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் அது நடப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும்; பட்டறைக்குப் போக நேரும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாதம் ஒருமுறை மதுரா சாலையில் காரணமின்றி ஐம்பது கிலோமீட்டர் போய்த் திரும்புகிறார். கோவிலுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அது வடிகட்டி யாத்திரை.

கலப்பு வண்டியின் தத்துவத்தை எனக்கு விளக்கியவர் அண்ணாச்சிதான். "இது நம்ம லிப்ட் சமாசாரம்தான், தம்பி" என்றார். லிப்டில் ஆட்கள் ஏறும் கூண்டு ஒருபுறமும் எடைக்கட்டை மறுபுறமும் தொங்குகின்றன. கூண்டு நிறைய ஆட்களோடு கீழே இறங்கும்போது மோட்டார் இழுக்க வேண்டியதில்லை. பாரமே மோட்டாரைச் சுழற்றும். பழைய லிப்டுகளில் அந்தச் சக்தி வெறும் சூடாகி வீணாகும். புதிய சிலவற்றில் அது மின்சாரமாகித் திரும்பும். தில்லி மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் வந்து நிற்கும்போது செய்வதும் இதுவே. கலப்பு வண்டியில் ஒரு பெட்ரோல் எஞ்சினும், மின்சார மோட்டாரும், ஒன்று அல்லது இரண்டு யூனிட் கொள்ளும் சிறிய பாட்டரியும் உள்ளன. பிரேக்கை மிதிக்கையில் மோட்டார் டைனமோவாக மாறிப் பாட்டரியை நிரப்புகிறது. மறுபடி கிளம்பும்போது அதே மின்சாரம் வண்டியை நகர்த்துகிறது. சுவரில் செருக வேண்டியதில்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரையஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய காரால் பரவிய ஏற்பாடு இது.

இதன் பயன் எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1,700 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, இருபத்தைந்து நிறுத்தங்களில் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமான சக்தி பிரேக்கில் சூடாகப் போய்விடுகிறது. நகரத்தில் ஓடும் சாதாரண எஞ்சின் அந்த ஒரு யூனிட்டை உண்டாக்க ஏறக்குறைய அரை லிட்டர் எண்ணெய் எரித்திருக்கும். நொய்டாவிலிருந்து கன்னாட் பிளேஸ் போய்வர இருபத்தைந்து சிவப்பு விளக்குகள் என்பது மிகையா? கலப்பு வண்டி அதில் ஒரு நல்ல பங்கை மீட்டுக்கொள்கிறது. அதற்கு மேல், சித்திரை வெயிலில் மெக்கானிக்குகளுக்காக வண்டி குளிர்சாதனத்தோடு காத்திருக்கும்போது டீசல் எஞ்சின் விடாமல் உறுமிக்கொண்டிருக்கும். கலப்பு வண்டியோ பாட்டரியில் குளிர்ந்து, அவ்வப்போது மட்டும் எஞ்சினை எழுப்பும்.

அண்ணாச்சி ஓர் உறவினரின் கலப்பு வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கி, தமது வழக்கமான வேலைக்கே ஓட்டிப் பார்த்தார். விளம்பரத்தில் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அவருக்குக் கிடைத்தது 16. பழைய டீசல் நகரத்தில் 10 கொடுத்துவந்தது. புதியது 11 தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டோம். ஆண்டுக்கு நகரத்தில் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் டீசலுக்குச் சுமார் 1,20,000 ரூபாய். கலப்பு வண்டிக்கு 89,000. மிச்சம் 31,000. அவரிடம் சொல்லப்பட்ட விலைகளில் கலப்பு வண்டி 3 லட்சம் கூடுதல். அந்த 3 லட்சத்தை மீட்கப் பத்து ஆண்டு ஆகும்! டீசலுக்குச் சட்டம் விதித்த வயதும் அதுதான். ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் எண்ணெய் மிச்சத்தை நம்பிக் கலப்பு வண்டி வாங்குவது பேதைமை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

அண்ணாச்சிக்கு மசூரியிலும் வேலை உண்டு. ஆண்டில் நான்கைந்து முறை அங்குள்ள ஹோட்டல்களின் லிப்டுகளைப் பார்த்துவருவார். அங்கேதான் கலப்பு வண்டியின் பலவீனம் வெளிப்படுகிறது. டேராடூன் சுமார் 640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மசூரி 2,000 மீட்டர். ஆட்களும் பாரமுமாக 2,200 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே எட்டு யூனிட் சக்தி வேண்டும். சிறிய பாட்டரி அதில் ஒரு யூனிட் கொடுத்தால் பெரிது; மலையின் அடிவாரத்திலேயே காலியாகிவிடும். பிறகு பெட்ரோல் எஞ்சின் தனியாக இரைந்துகொண்டு ஏற வேண்டும். இறங்கும்போதும் முதல் சில வளைவுகளிலேயே பாட்டரி நிரம்பிவிடும். மீதிச் சக்தியைச் சேர்த்துவைக்க இடமில்லை. நெடுஞ்சாலையிலும் அதே கதைதான்: பிரேக் இல்லையேல் மீட்பும் இல்லை. அந்த வழிகளில் டீசல் அலட்டிக்கொள்ளாமல் போய்வரும்.

அப்படியானால் பெரிய பாட்டரி வைத்து, இரவில் சுவரில் செருகி நிரப்பும் கலப்பு வண்டி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பத்து முதல் முப்பது யூனிட் வரை கொள்ளும் பாட்டரியோடு ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேலும் மின்சாரத்திலேயே ஓடிவிட்டு, பிறகு எஞ்சினுக்கு மாறுவன அவை. ஆஸ்திரேலியாவில் யூட் என்று ஒருவகை வண்டி உண்டு. முன்பாதி கார், பின்பாதி திறந்த சரக்குத் தொட்டி. ஞாயிறன்று தேவாலயத்துக்கும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுபோக ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு குடியானவரின் மனைவி எழுதிக் கேட்டதால் 1934-இல் ஜீலாங் நகர ஃபோர்டு தொழிற்சாலை அதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். டீசலே கோலோச்சிய அந்த யூட் உலகில் இன்று செருகிநிரப்பும் கலப்பு வகைகள் போட்டிக்கு நிற்கின்றன. அங்கே தச்சரும் குழாய்த் தொழிலாளரும் மாலையில் தனிவீடு திரும்பி, தம் கொட்டகையிலேயே வண்டியைச் செருகிவிடுகிறார்கள். நொய்டாவில் அண்ணாச்சி ஒன்பதாம் மாடியில் உறங்குகிறார். வண்டி மூன்றாம் அடித்தளத்தில் உறங்குகிறது. அங்கே ஒரு பிளக் வைப்பதற்குக் குடியிருப்போர் சங்கத்தில் அவர் இரண்டு ஆண்டாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார். மேலும், முழு மின்சார வண்டிக்கு 5 சதவீத வரி விதிக்கும் அரசாங்கம் செருகிநிரப்பும் பெரிய கலப்பு வண்டிக்கு 40 சதவீதம் விதிப்பதால், நம் நாட்டில் அவை பெரும்பாலும் செல்வந்தர்களின் வண்டியாகவே உள்ளன. முழு மின்சார வண்டியையும் எண்ணிப்பார்த்தோம்; நள்ளிரவில் அழைப்பு வரும் தொழிலில், அதே பிளக் இல்லாத குறை அதற்கும் தடையாயிற்று.

வரியைப் பற்றி ஒரு மனக்குறை எனக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 வரையில் பெரிய டீசல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் தீர்வையும் சேர்ந்து 50 சதவீதம் வரை இருந்தது. பெரிய கலப்பு வண்டிக்கு 43. அன்று முதல் இரண்டுக்கும் 40. குறைந்தது இரண்டிலும்தான், ஆனால் புகை மிகுந்ததற்கு அதிகமாகக் குறைந்தது. நுரையீரலின் பக்கம் பேசுவார் அந்த மேஜையில் இல்லை போலும்.

மாற்றலாகி மாற்றலாகி ஊர் சுற்றும் மத்திய அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளில் பணிபுரிவோருக்கும் ஒரு குறிப்பு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த பாரத் வரிசைப் பதிவு எண் பெற்றால் அந்தத் தொல்லை இல்லை. சாலை வரியையும் இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டிவரலாம். அதிலும் டீசலுக்கு 2 சதவீதம் கூடுதல், மின்சார வண்டிக்கு 2 சதவீதம் குறைவு. ஓய்வு பெற்றதும் ஊர் திரும்ப எண்ணுபவர்கள், தலைநகரின் பத்தாண்டு வரம்பு தமிழ்நாட்டில் இல்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். தடையில்லாச் சான்று பெற்று வண்டியை அங்கே கொண்டுசெல்ல வழி உண்டு.

அண்ணாச்சியின் குறிப்புப் புத்தகம்தான் இறுதியில் வழிகாட்டியது. பத்து ஆண்டாக ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றியபோதும் கிலோமீட்டரையும் போன இடத்தையும் எழுதிவைத்திருந்தார். மசூரிக்கே தம் வண்டி ஓடுவதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கூட்டிப் பார்த்ததில் ஆறில் ஐந்து பங்கு ஓட்டம் நொய்டா, தில்லி, குருகிராம் நெரிசலிலேயே கழிந்திருந்தது. கலப்பு வண்டியின் பாட்டரி கெட்டால் என்ன செய்வது என்று அஞ்சினார். நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டார். 2025 அக்டோபரில் கலப்பு வண்டியை வாங்கினார். மசூரி வேலைக்கு டேராடூன் வரை ரயிலில் போய், அங்கே மலை பழகிய ஓட்டுநரோடு ஒரு டீசல் ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்வதென்று ஏற்பாடு.

பழைய வண்டி தடையில்லாச் சான்றுடன் திருநெல்வேலிக்குப் போயிற்று. அவருடைய தம்பி வந்து நான்கு நாள் ஓட்டிச் சென்றார். நாகபுரியைத் தாண்டியபின் லிட்டருக்கு 15 கிடைத்ததாகச் செய்தி வந்தது. இப்போது அது வாழைத்தார் ஏற்றுகிறது.

டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் புதிய உத்தரவைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, உங்கள் பி.எஸ். 4 வண்டிக்கு வயதுக் கெடு இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவசரப்பட்டு அனுப்பிவிட்டீர்களோ?" என்று கேட்டேன். அந்த வாரமும் மூன்றாம் படித் தடை அமலில் இருந்தது. அவர் கலப்பு வண்டியில் ஒரு கட்டடத்தின் வாசலில் இருந்தார். கைபேசியில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

"குளிர்காலத்தில் லிப்ட் எதுவும் நிற்கக்கூடாது என்று ஓர் உத்தரவு வந்தால் சொல்லுங்கள், தம்பி" என்றார்.